ட்ரையல் முடிந்தது, ஊசி நின்றது: அப்பாவுக்கு இனி என்ன உரிமை?

ஈரோடு மாவட்டத்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், ஆஸ்பத்திரி, மருந்து ஆகிய அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 61. விசைத்தறி ஓட்டியவர். 12 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்பார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிட்டு வந்தார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்த கிளினிக்கல் ட்ரையலில், அதாவது புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வில், சேர்ந்தார். இப்போது எல்லோரும் பேசும் எடை குறைக்கும் ஊசி வகையைச் சேர்ந்த புது ஊசி, வாரம் ஒன்று, 18 மாதம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் பிளாசிபோ, அதாவது மருந்து இல்லாத போலி ஊசி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். 8.9 ஆக இருந்த எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) 7.1-க்கு இறங்கியது. எடை 82 கிலோவிலிருந்து 76 ஆனது. ஐந்தாவது மாதத்தில் கடும் வாந்தி வந்து ஆறு நாள் அட்மிட் ஆனார், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1-லிருந்து 2.3 வரை ஏறி, பிறகு 1.2-க்கு இறங்கியது. பில்லை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொண்டது. டிஸ்சார்ஜ் அன்று ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

ட்ரையல் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. எச்பிஏ1சி 9.4. எடை 80. "நல்ல மருந்தைக் கொடுத்துப் பழக்கிவிட்டு நிறுத்திவிட்டார்கள், எங்கப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிட்டார்கள்" என்கிறார் வாசகி. ஊசியைத் தொடர்ந்து வாங்க முடியுமா, அப்பாவுக்குப் போனது மருந்தா வெறும் தண்ணீரா, மருந்து பாஸா பெயிலா, நஷ்டஈடு கிடைக்குமா (ஐம்பது லட்சம் வரை வாங்கலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னாராம்) என்பவை அவர் கேள்விகள். கோப்பு தொலைந்துவிட்டது. பழைய கோஆர்டினேட்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவர் "ஃபைல் குளோஸ் ஆயிடுச்சு" என்கிறார். ஃபிரிட்ஜில் இரண்டு ஊசிப் பேனாக்கள் மிச்சம் இருக்கின்றன, அவற்றைப் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார். கடைசியாக, வேறொரு ட்ரையலில் சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறதாம்.

அன்புள்ள வாசகிக்கு,

பேனாக்களில் இருந்து தொடங்குகிறேன். அவற்றைப் போட வேண்டாம். உள்ளே இருப்பது மருந்தா பிளாசிபோவா என்று தெரியாது. மருந்தாகவே இருந்தாலும், ஐந்து மாதம் நிறுத்திய பிறகு முழு அளவில் நேரடியாகத் தொடங்குவது ஆபத்து. இந்த வகை ஊசிகளை மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, சில வாரங்களுக்கு ஒருமுறை மெல்ல ஏற்றுவதற்குக் காரணமே வாந்திதான். ஏற்கெனவே வாந்தியால் சிறுநீரகம் தடுமாறிய மனிதர் உங்கள் அப்பா. அவராகப் போட்டுக்கொண்டு ஏதாவது ஆனால் அதை ட்ரையல் பாதிப்பாக யாரும் ஏற்கமாட்டார்கள். எடை குறையும் என்று கேட்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

குப்பையிலும் போட்டுவிடாதீர்கள், ஏனென்றால் தொலைந்த கோப்புக்குப் பதில் இப்போது உங்கள் கையில் இருப்பது அந்தப் பேனாக்கள்தான். லேபிளைப் பாருங்கள்: ஆய்வின் எண் அல்லது புரோட்டோகால் எண், கிட் எண், தயாரித்தவர் பெயர், ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற வாசகம் இருக்கும். எல்லாப் பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குளிர் பை ஒன்றில் வைத்து அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுப் பிரிவில் ஒப்படைத்து, தேதியிட்ட ரசீது வாங்குங்கள். எத்தனை பேனா கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது என்று கணக்கு வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. அந்தக் கணக்கில் உங்கள் இரண்டு பேனாவும் இப்போது துண்டு விழுந்து நிற்கும். ஆகவே "ஃபைல் குளோஸ்" என்றவர்கள் இதற்காகத் திறப்பார்கள்.

சர்க்கரையை முதலில் கவனியுங்கள்

எந்த ஊசி போனது என்று தெரியும்வரை வைத்தியத்தை ஒத்திப்போடக் கூடாது. 9.4 என்பது காத்திருக்கும் எண் அல்ல. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடமோ சர்க்கரை மருத்துவரிடமோ போங்கள். கிரியாட்டினின், அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற எண்), சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம், கண் விழித்திரைப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்யச் சொல்லுங்கள். மெட்பார்மின் அளவே இ.ஜி.எஃப்.ஆரைப் பொறுத்தது: 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைக்க வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும். இந்தச் சிறுநீரகப் பரிசோதனை நஷ்டஈட்டுப் பகுதியிலும் உங்களுக்கு உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இதே வகையைச் சேர்ந்த செமாகுளூடைடு ஊசியைப் பற்றி 2016-ல் வெளியான சஸ்டெயின்-6 என்ற ஆய்வில் 3,297 பேர் இருந்தார்கள். இதய நோய், பக்கவாதம் ஆகியவை மருந்துப் பக்கத்தில் குறைந்தன. ஆனால் விழித்திரைச் சிக்கல்கள் மருந்து எடுத்தவர்களில் 3.0 சதவீதம், பிளாசிபோ எடுத்தவர்களில் 1.8 சதவீதம். ஏற்கெனவே விழித்திரை கெட்டிருப்பவர்களுக்குச் சர்க்கரையை வேகமாக இறக்குவதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. 12 வருடச் சர்க்கரை நோயாளிக்கு இதே வகை ஊசியை மறுபடி தொடங்கும் எண்ணம் இருந்தால் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும்.

ஊசி ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் காப்புரிமை முடிந்து இந்தியாவில் மலிவாகிவிட்டன. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நன்மை தருபவை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதையும், வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி நாட்களில் இவற்றை நிறுத்திவைக்க வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெட்பார்மின் போன்ற அடிப்படை மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டிலேயும் கிடைக்கும். வெளியில் வாங்க நேர்ந்தால் முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விலை விசாரியுங்கள்.

என் மதிப்பீட்டில் உங்களுக்கு நடந்த பெரிய குறை இங்கேதான். கடைசி விசிட்டில், இனி என்ன மருந்து, யார் பார்ப்பார்கள், எப்போது ரத்தப் பரிசோதனை என்று ஒரு கடிதம் எழுதி உங்கள் குடும்ப மருத்துவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பியது தவறு. அந்தக் கடிதத்தை இப்போது கேட்டாலும் தரத்தான் வேண்டும்.

"பழக்கிவிட்டார்கள்" என்பது பற்றி

இந்த ஊசி போதைப் பழக்கம் மாதிரி பழகுவதில்லை. சர்க்கரையும் எடையும் ஏறுவது ஊசி நின்றதால் அதன் வேலையும் நின்றுபோனதைத்தான் காட்டுகிறது. செமாகுளூடைடின் ஸ்டெப்-1 ஆய்வு முடிந்தபின் அதில் ஒரு பகுதியினரை ஊசி இல்லாமல் ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. உங்கள் அப்பா 6 கிலோ இழந்து 4 கிலோ திரும்பப் பெற்றிருக்கிறார். அதே பங்குதான், ஐந்து மாதத்திலேயே.

அப்படியானால் அவருக்குப் போனது மருந்துதான் என்று முடிவு கட்டிவிடலாமா? எடை இறக்கம், வாந்தி, நிறுத்தியதும் ஏற்றம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் ஊகிக்கத் தோன்றுகிறது. ஆனாலும் அது ஊகம்தான். ட்ரையலில் இருப்பவருக்கு மாதாமாதம் யாரோ ஒருவர் போன் செய்து ஞாபகப்படுத்துகிறார்; சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்; மாத்திரைப் பட்டையை எண்ணிப் பார்க்கிறார்; இலவசமாக ரத்தம் சோதிக்கிறார். இது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். மூன்று வருடத்தில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தொடர்ந்து நடை, உணவு பற்றி வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதம், மெட்பார்மின் சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். தொடர்ந்து கவனித்துப் பேசியதே மருந்துக்குச் சமமாக நின்றது. அவர்களுக்கு நோய் இன்னும் வரவில்லை, உங்கள் அப்பாவுக்கு 12 வருடம்; அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் 8.9-லிருந்து 7.1 வந்ததில் ஒரு பங்கு ஊசிக்கு வெளியே இருந்தும் வந்திருக்கலாம். அந்தப் பங்கு ஊசி இல்லாமலே திரும்பக் கிடைக்கும்.

மருந்தா, பிளாசிபோவா: எப்போது தெரியும்

உங்கள் ஆஸ்பத்திரியில் கடைசி நோயாளி முடித்ததும் ட்ரையல் முடிந்துவிடாது. பல நாடுகளில் நடந்தால், எல்லா இடத்திலும் கடைசி நபரின் கடைசி விசிட் முடிய வேண்டும். பிறகு ஒவ்வொரு தாளிலும் உள்ள எண்ணைச் சரிபார்த்துத் தரவுகளைப் பூட்டுவார்கள். பூட்டிய பிறகுதான் யாருக்கு எது என்ற குறியீடு திறக்கப்படும். இதற்குப் பல மாதம் ஆகும். அதற்கு முன் டாக்டரை நெருக்குவதில் பயனில்லை, அவருக்கே தெரியாது. ஒரு விதிவிலக்கு உண்டு: உயிருக்கு ஆபத்தான நேரத்தில், வைத்தியத்துக்குத் தேவைப்பட்டால், அந்த ஒருவரின் குறியீட்டை மட்டும் அவசரமாகத் திறக்க ஏற்பாடு இருக்கும். அப்பா அட்மிட் ஆன ஆறு நாளில் அப்படித் திறந்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

இதை நீங்களே கண்காணிக்கலாம். இந்தியாவில் நடக்கும் ட்ரையல்கள் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய கிளினிக்கல் ட்ரையல் பதிவேட்டில் பதிவாகின்றன. ஐ.சி.எம்.ஆர். நடத்தும் இந்தப் பதிவேடு 2007-ல் தொடங்கியது. மருந்து ட்ரையல்களுக்கு 2009 முதல் கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். பேனா லேபிளில் உள்ள புரோட்டோகால் எண்ணையோ, நிறுவனத்தின் பெயரையோ, நோயின் பெயரையோ போட்டுத் தேடுங்கள். கிடைக்கும் பக்கத்தில் உங்கள் ஆஸ்பத்திரியின் பெயர், ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைப் பார்த்து அதை அனுமதித்த நெறிமுறைக் குழுவின் பெயர், பொதுமக்கள் கேள்வி கேட்க வேண்டியவரின் முகவரி, தொலைபேசி எல்லாம் இருக்கும். ட்ரையலின் நிலை இந்தியாவுக்குத் தனியாக, உலக அளவில் தனியாக எழுதப்பட்டிருக்கும். இந்தியாவில் முடிந்தது, உலகத்தில் இன்னும் நடக்கிறது என்று இருந்தால் குறியீடு இன்னும் திறக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தது என்பதற்கும், பாதியில் கைவிடப்பட்டது என்பதற்கும் வேறு வேறு சொல் போட்டிருப்பார்கள். கைவிடப்பட்டது என்றிருந்தால் காரணத்தைக் கேட்க வேண்டும்.

அதே பக்கத்தில் என்.சி.டி. என்று தொடங்கி எட்டு இலக்கத்தோடு ஓர் எண் இருந்தால் அமெரிக்கப் பதிவேட்டிலும் அந்த ட்ரையல் இருக்கிறது என்று பொருள். அங்கே முடிவுகளுக்குத் தனிப் பக்கம் உண்டு. அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட ட்ரையல் என்றால், முக்கிய அளவீடு முடிந்து பொதுவாக ஒரு வருடத்துக்குள் முடிவைப் போட வேண்டும். மருந்து இன்னும் அனுமதி பெறவில்லை என்று காரணம் காட்டித் தள்ளிப்போடவும் வழி இருக்கிறது.

முடிவு வந்ததும் எச்பிஏ1சி எவ்வளவு இறங்கியது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கடும் பாதிப்பு அட்டவணையில் மருந்துப் பக்கம் எத்தனை பேரில் எத்தனை, பிளாசிபோ பக்கம் எத்தனை பேரில் எத்தனை என்று பாருங்கள். எண் இறங்கினால் மருந்து பாஸ் என்பதல்ல கணக்கு. அக்கார்டு என்ற ஆய்வில் 10,251 சர்க்கரை நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பிரிவில் எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர மருந்துகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மற்றதில் 7-லிருந்து 7.9 போதும் என்று விட்டார்கள். 2008-ல் தீவிர வைத்தியத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று: அந்தப் பக்கம் 257 இறப்பு, சாதாரணப் பக்கம் 203. ரத்தத்தில் எண் அழகாக இறங்கிய பக்கத்தில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். ட்ரையல் முடிவு வரும்வரை புது மருந்தை "நல்ல மருந்து" என்று அழைக்க நான் தயங்குவது இதனால்தான்.

ஊசியைத் தொடர்ந்து கேட்க முடியுமா

2019-ல் வந்த புதிய மருந்துகள், கிளினிக்கல் ட்ரையல்கள் விதிகளில் 27-வது விதி இதற்கென்றே இருக்கிறது. ட்ரையல் முடிந்தபின் மருந்தை இலவசமாகத் தொடர, ஆய்வு டாக்டர் பரிந்துரைக்க வேண்டும். நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். அந்த நோய்க்கு வேறு வைத்தியம் இல்லாமல் இருக்க வேண்டும். மருந்து அவருக்குப் பலன் தந்ததாக டாக்டர் கண்டிருக்க வேண்டும். நோயாளி எழுத்தில் சம்மதிப்பதோடு, பின்விளைவுக்கு ட்ரையலை நடத்தும் மருந்து நிறுவனம் பொறுப்பல்ல என்றும் எழுதித் தர வேண்டும். மூன்றாவது நிபந்தனையில் உங்கள் அப்பா தடுக்கப்படுவார். சர்க்கரை நோய்க்கு வேறு வைத்தியம் ஏராளம். ஆகவே இந்த விதியைக் காட்டி வாதாடி நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் ஆலோசனை. நிறுவனம் தானாகவே தொடர் ஆய்வு ஏதாவது வைத்திருக்கிறதா என்று மட்டும் ஒரு வரியில் கேளுங்கள். அனுமதி பெறாத புது ஊசியை இணையத்திலோ இடைத்தரகரிடமோ வாங்குவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அதே வகையில் அனுமதி பெற்ற ஊசிகள் மருந்துக் கடையிலேயே இருக்கின்றன, உங்கள் டாக்டர் தேவை என்றால் எழுதித் தருவார்.

நஷ்டஈடு: ஐம்பது லட்சம் எங்கிருந்து வந்தது

ஆறு நாள் அட்மிட் ஆனது விதிகளின்படி கடுமையான பாதிப்பு. ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தாலே அந்த வகையில் வந்துவிடும். தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வு டாக்டர் அதை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நிறுவனத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் சொல்லியிருக்க வேண்டும். 14 நாளுக்குள் காரணத்தை ஆராய்ந்த அறிக்கை போயிருக்க வேண்டும். நெறிமுறைக் குழு நஷ்டஈடு பற்றிய தன் கருத்தோடு 30 நாளுக்குள் மேலே அனுப்ப வேண்டும். அதன் மேல் மத்திய அமைப்பு ஆணையிட்டால் 30 நாளுக்குள் நிறுவனம் பணம் கட்ட வேண்டும்.

பில்லைக் கட்டியதோடு கணக்குத் தீர்ந்தது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது சரியல்ல. இலவச வைத்தியம் ஒரு கடமை. பாதிப்பு ட்ரையலால் வந்தது என்று முடிவானால் நஷ்டஈடு தனிக் கடமை. டிஸ்சார்ஜ் அன்று போட்ட கையெழுத்துக்காகவும் பயப்பட வேண்டாம். ஆய்வில் சேர்பவர் தன் சட்ட உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்புதல் தாளில் எழுதி வாங்கக் கூடாது என்பது நல்ல ஆய்வு நடைமுறையின் அடிப்படை.

ஆனால் தொகை உறவினர் சொன்னது அல்ல. பெரிய தொகைகள் இறப்புக்கானவை. அதற்கான சூத்திரத்தில் அடிப்படை 8 லட்சம். அதை வயதையும் நோயின் அபாயத்தையும் வைத்துப் பெருக்குவார்கள். 65 வயதான, ஆறு மாதம்கூடப் பிழைக்கமாட்டார் என்ற நிலையில் உள்ள நோயாளி என்றால் 4 லட்சம். 16 வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமானவர் என்றால் 73 லட்சத்தைத் தாண்டும். இந்த இரண்டு எல்லைக்கு நடுவே எங்கிருந்தோ அந்த ஐம்பது லட்சம் பிறந்திருக்க வேண்டும். வந்து சரியாகிப்போன பாதிப்புக்குச் சூத்திரமே வேறு: டெல்லியில் திறன் சாராத தொழிலாளியின் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலியின் இரு மடங்கு, அதை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களால் பெருக்க வேண்டும். நாள் கூலி 700 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 2 × 700 × 6 = 8,400 ரூபாய். எரிச்சலூட்டும் தொகைதான். எனக்கும் இது போதாது என்றே படுகிறது; ஆனால் விதி இதுதான்.

கிரியாட்டினின் பரிசோதனை இங்கே முக்கியமாகிறது. 1.2-க்கு இறங்கிவிட்டது என்பது அன்றைய நிலை. அந்தப் பாதிப்பால் சிறுநீரகம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று மருத்துவர் சான்று தந்தால், இறப்புக்கான தொகையில் 90 சதவீதத்தை எடுத்து, ஊனத்தின் சதவீதத்தால் பெருக்கும் வேறு சூத்திரம் வரும். 12 வருடச் சர்க்கரையே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் இதை நிரூபிப்பது எளிதல்ல. ட்ரையலுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிட்டால்தான் நிற்கும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. அப்பா பிளாசிபோ பக்கத்தில் இருந்திருந்தால், வாந்தி ஊசியால் வந்தது என்ற வாதம் விழுந்துவிடும். அப்போது ஆய்வுக்காகச் செய்த பரிசோதனையால் வந்ததா, தர வேண்டிய வழக்கமான வைத்தியத்தைத் தராமல் விட்டார்களா என்ற கேள்விகள்தான் மிஞ்சும். ஆகவே எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வது வெறும் ஆர்வம் அல்ல.

யாருக்கு, என்ன எழுதுவது

கடிதம் அப்பாவின் கையெழுத்தில் போக வேண்டும். நீங்கள் மகள் என்றாலும் மருத்துவத் தகவல் அவருடையது. உங்களிடம் தரச் சொல்லி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள்.

முதல் கடிதம் ஆஸ்பத்திரியின் மருத்துவ ஆவணப் பிரிவுக்கு: ஆறு நாள் அட்மிட் ஆன கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனைகளின் நகல். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. ஆனால் வைத்தியம் தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் இவற்றை வைத்திருக்க வேண்டிய கட்டாயம். ஒன்றரை வருடம் ஏற்கெனவே போய்விட்டது, தாமதிக்காதீர்கள்.

இரண்டாவது கடிதம் ஆய்வு டாக்டருக்கு, நகல் நெறிமுறைக் குழுத் தலைவருக்கு. கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், தகவல் தாள் ஆகியவற்றின் நகல். ட்ரையல் காலத்து எல்லா ரத்த முடிவுகள். பாதிப்பு எந்தத் தேதியில் யாருக்கு அறிவிக்கப்பட்டது, ட்ரையலோடு தொடர்புடையது என்று முடிவானதா, நஷ்டஈடு பற்றி நெறிமுறைக் குழு என்ன கருத்துச் சொன்னது. குறியீடு திறந்ததும் அப்பா எந்தப் பிரிவு என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். கோபத்தை எழுத வேண்டாம், தேதிகளை எழுதுங்கள். ட்ரையல் முடிந்தபின் ஐந்து வருடம் ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டியது நெறிமுறைக் குழுவின் கடமை என்பதால் "ஃபைல் குளோஸ்" என்ற பதில் அவர்களிடம் செல்லாது. அந்தக் குழுவில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவரும் பொதுமக்களில் ஒருவரும் உள்ளே இருப்பார்கள். கோஆர்டினேட்டரோடு தொலைபேசியில் மல்லுக்கட்டுவதைவிட இந்தக் கதவு நல்லது.

ஒரு மாதம் பார்த்தும் பதில் இல்லை என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் புகார் அனுப்புங்கள். சென்னையில் அதன் மண்டல அலுவலகம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்: இன்ன ட்ரையலில், இன்ன தேதியில், என்னைப் பற்றிய பாதிப்பு அறிக்கை வந்ததா, அதன் மேல் என்ன ஆணை. மருந்தின் ரகசியங்களைக் கேட்டால் வணிகத் தகவல் என்று மறுப்பார்கள். உங்கள் அப்பாவைப் பற்றிய அறிக்கையை மட்டும் கேளுங்கள். வழக்கறிஞர் தேவை என்று பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் முதலில் விசாரியுங்கள். 8,400 ரூபாய்க்காக இருபதாயிரம் செலவழிக்க வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

எலி என்ற சொல் உங்களை உறுத்துவது புரிகிறது. 1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வு ஒன்று தொடங்கியது: 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு வீட்டிலேயே மாத்திரை, மறுபாதியினரைச் சானடோரியத்தில் வைத்து அதே மாத்திரை. வீட்டு வைத்தியம் சானடோரியத்துக்கு ஈடாகவே இருந்தது. வீட்டில் உடன் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டில் இருந்தே குணமாகலாம் என்ற நிலை அதிலிருந்து வந்தது. அவர்களுக்கு நடந்ததும் உங்கள் அப்பாவுக்கு நடந்ததும் ஆய்வுதான். ஆய்வில் பங்கெடுத்தவருக்கு முடிவைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு. அதைக் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு இருக்கிறது.

புது அழைப்பு

உடனே சேர வேண்டாம். அதே சமயம் கதவைச் சாத்தவும் வேண்டாம். முந்தைய ட்ரையலையும் அந்த ஆறு நாள் அட்மிஷனையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துச் சேர்ந்தால் ஆபத்து அப்பாவுக்குத்தான், நாளை நஷ்டஈட்டுப் பேச்சு வந்தால் அதுவே எதிராகவும் திரும்பும். சிறுநீரகத்தின் அளவு இன்னது இருந்தால்தான் சேர்க்கலாம் என்று ட்ரையல்களில் வரம்பு இருக்கும். புதிய ரிப்போர்ட் இல்லாமல் பேசிப் பயனில்லை.

தகவல் தாளை அங்கேயே உட்கார்ந்து கையெழுத்திடாமல் வீட்டுக்கு வாங்கி வந்து படியுங்கள். பிளாசிபோ உண்டா, உண்டென்றால் சர்க்கரை எந்த எண்ணைத் தாண்டினால் கூடுதல் மருந்து கொடுப்பார்கள்? ட்ரையல் முடிந்ததும் மருந்து தொடருமா, தொடராவிட்டால் யாரிடம் ஒப்படைப்பார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது? இவற்றுக்குத் தாளில் பதில் இல்லை என்றால், எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் அப்பாவின் தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் என்று கட்டங்கள் இருக்கும். அவசரத்தில் அவற்றைக் காலியாக விட்டுவிடுவார்கள். நாமினி கட்டம் நஷ்டஈட்டுக்காக வைத்தது, நிரப்பியே ஆக வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் கைக்கு வந்த பிறகே அங்கிருந்து கிளம்புங்கள். அன்று மாலையே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கு ஒன்றும் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் அனுப்பி வைத்துவிடுங்கள்.